எத்தனை சவரிமுத்து பெர்னாண்டோ?

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் பரதகுலப் பெண். என் பூட்டனார் (அப்பாவின் பாட்டன்) சவரிமுத்து பெர்னாண்டோ தூத்துக்குடியிலிருந்து வந்து, 1912இல் கொழும்பில் கலியாணம் முடித்தவர். அதே பெயரில் தங்களுக்கும் ஒரு பூட்டனார் இருந்ததாகச் சொல்லும் மூவரோடு சேர்ந்து வம்சாவளி தேடுகிறேன்: நீர்கொழும்பில் ஓய்வுபெற்ற ஓர் ஐயா, தூத்துக்குடியில் ஓர் ஆசிரியை, ரொறன்ரோவில் ஒரு தம்பி. டி.என்.ஏ. பரிசோதனையில் என்னோடு பொருந்துகிறது என்று தம்பி எங்கள் பொது வம்ச வரைபடத்தில் எல்லாச் சவரிமுத்துகளையும் ஒரே ஆளாக்கிவிட்டார். ஐயா கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். யார் சரி? இனி எப்படிச் சேர்ந்து தேடுவது?
— வாசகி, கொழும்பு 13

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த இணைப்பைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். தம்பி சொல்வது கடைசியில் சரியாகவே இருக்கலாம். தனித்தனியாக வைத்த இருவரைப் பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை. தவறாகச் சேர்த்துவிட்டால் அவர்களுடைய பெண்சாதி, பிள்ளைகள், சம்பந்திகள் என்று ஒவ்வொருவரையும் மறுபடி விசாரிக்க வேண்டும். வேறொருவருடைய பூட்டியை என் பூட்டி என்று எழுதிவைத்து, அதைச் சீர்செய்ய எனக்கு இரண்டு வருடம் போனது.

பெயரை நம்பாதீர்கள். 1530களில் முத்துக்குளித்துறையில் (தூத்துக்குடிக் கரையில்) பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது வந்த போர்த்துக்கேயப் பெயர்களில் ஒன்று பெர்னாண்டோ. ஒன்றுக்கொன்று இரத்தத் தொடர்பில்லாத குடும்பங்களுக்கும் அதே பெயர் கிடைத்தது. நீர்கொழும்புக் கரையில் சிங்களக் குடும்பங்களும் அதைத் தாங்கி நிற்கின்றன. சவரிமுத்துவோ, 1542இல் அந்தக் கரைக்கு வந்த புனித சவேரியாரின் பெயர். பிள்ளைக்கு அவர் பெயரை வைக்காத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டி.என்.ஏ. பொருத்தம் பொய்யல்ல. தம்பி உங்களுக்குச் சொந்தம்தான். ஆனால் மச்சான் மச்சாளைக் கட்டும் வழக்கமுள்ள சமூகத்தில் இருவர் இரண்டு மூன்று வழியால் சொந்தமாக இருப்பார்கள். பரிசோதனை எல்லா வழியையும் கூட்டித்தான் காட்டுமே தவிர, எந்தச் சவரிமுத்து என்று சொல்லாது. ஐயாவும் தம்பியும் தத்தம் சவரிமுத்துவுக்கு ஆண்வழியில் நேரடிப் பூட்டப்பிள்ளைகள் என்றால், தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் நிறமூர்த்தத்தை இருவரும் பரிசோதிக்கலாம். அது பொருந்தாவிட்டால் இரண்டு ஆண்வழிகளும் வேறு வேறு என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

உங்களுக்கு நிச்சயமாக உதவக்கூடியவர் அந்த ஆசிரியை. 1908ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முதல், ஒருவர் எங்கே கலியாணம் முடித்தாலும் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு (கோவில் வட்டாரத்துக்கு) அனுப்பி, அங்குள்ள பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உங்கள் பூட்டனார் 1912இல் முடித்தவர். அவர் பிறந்த பங்கின் ஏட்டு ஓரத்தில் கொழும்புக் கலியாணமும் மணமகள் பெயரும் பொடி எழுத்தில் கிடக்கலாம். உங்கள் ஆளை மட்டும் தேடாமல், 1880க்கும் 1892க்கும் இடையில் ஞானஸ்நானம் பெற்ற எல்லாச் சவரிமுத்து பெர்னாண்டோக்களையும், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களோடு எழுதித்தரும்படி ஆசிரியையைக் கேளுங்கள். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கடிதம் கொடுப்பது மரியாதை.

கொழும்பில் உங்கள் வேலை: கலியாணம் நடந்த கோவிலின் திருமணப் பதிவேடு. புனித லூசியா பேராலயத்திலிருந்து தொடங்குங்கள். சாட்சிகள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான்தான் கையெழுத்து வைத்திருப்பார்கள். நெருங்கிய சொந்தத்தில் முடித்திருந்தால் திருச்சபை விதிவிலக்கு கொடுத்த குறிப்பும் இருக்கும். ‘இரண்டாம் படி’ என்று இலத்தீனில் இருந்தால், அந்தக் காலக் கணக்கில் மச்சான் மச்சாள் முறை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று அர்த்தம். இரண்டு பெர்னாண்டோ வழிகள் எங்கே கலந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இன்னொன்று. உங்கள் அப்பா 1958 அளவில் இலங்கையில் பிறந்தவரென்றால், அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். பிள்ளையுடைய தகப்பனின் தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுத அதில் ஒரு கூடு இருக்கும். உங்கள் பூட்டனார் தூத்துக்குடியில் பிறந்தவரானால் அது வெறுமையாக இருக்க வேண்டும். ஐயாவின் குடும்பத்தில் அதே தலைமுறைக்கு அது நிரப்பப்பட்டு ‘நீர்கொழும்பு’ என்றிருந்தால், இவர்கள் இருவர்தான் என்ற பக்கமே நான் சாய்வேன்.

ஐயாவுக்குச் செய்தி அனுப்பாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். அவர் பல வருடமாகச் சேர்த்ததைக் கேட்காமல் மாற்றியது தவறு என்று தம்பியும் அவரிடம் சொல்ல வேண்டும். பிறகு, “ஐயா, உங்கள் சவரிமுத்து எங்கள் ஆள் இல்லை என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். தன் ஆளை வேறாக்கிக் காட்டுகிறவரும் உங்கள் வழியைத்தான் துலக்குகிறார். அவருடைய வீட்டுக்கு ஊரில் வழங்கிய பட்டப்பெயரையும் கேளுங்கள். பதிவேடு பிரிக்காதவர்களை ஊர் பட்டப்பெயரால் பிரித்து வைத்திருக்கும்.

அதுவரை நால்வரும் ‘1912 கலியாணக்காரர்’, ‘நீர்கொழும்பார்’ என்று தனித்தனி அடையாளத்தோடு எழுதுங்கள். எதை எங்கே பார்த்தோம் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறியுங்கள். உயிரோடிருப்பவர்களின் விபரம் பொது வரைபடத்தில் வேண்டாம்.

தூத்துக்குடிப் பதிவேட்டின் படம் வந்ததும் முதலில் ஐயாவுக்கு அனுப்புங்கள்.