பத்து வருஷ லாபத்த வச்சு கரண்ட் கம்பெனி ஷேர எடை போடலாமா? வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஷில்லர் பிஇ (ஷேர் விலைய ஒரு வருஷ லாபத்தால வகுக்காம, பணவீக்கம் சரி பண்ணின பத்து வருஷ சராசரி லாபத்தால வகுக்கற மடங்கு) பத்தி தான், அதுலயும் கரண்ட், கேஸ், தண்ணி சப்ளை பண்ற யூட்டிலிட்டி கம்பெனிகளுக்கு அத எப்படி போடறதுன்னு. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே விட்டாச்சு, மியூச்சுவல் ஃபண்ட் கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த தடவை பாக்கலாம்.

கேள்வி: சார், பத்து வருஷ ஈபிஎஸ்ஸ, அதாவது ஒரு ஷேருக்கு வர்ற லாபத்த, பணவீக்கத்துக்கு ஏத்த மாதிரி மாத்தி சராசரி எடுத்து, அதால விலைய வகுக்கறத படிச்சுட்டு, ஒரு கரண்ட் கம்பெனிக்கு நானே எக்ஸெல்ல போட்டு பாத்தேன். ஷேர் விலை 300, கடைசி வருஷ ஈபிஎஸ் 20, விலைய அதால வகுத்தா சாதா பிஇ 15. பத்து வருஷமாவே ஈபிஎஸ் அதே 20 தான், ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. பணவீக்கம் வருஷத்துக்கு 5%ன்னு வச்சு பழைய வருஷத்த எல்லாம் இன்னிக்கு காசுக்கு மாத்தினா சராசரி 25 வருது, அப்போ 12 மடங்கு தானே ஆகுது. இது மலிவு தானே? அள்ளிடலாமா?

இருங்க இருங்க, அவசரப்படாதீங்க. கணக்கு சரியா தான் போட்டிருக்கீங்க, அர்த்தம் தான் தலைகீழா எடுத்துட்டீங்க. இதே தப்ப நானும் ஒரு காலத்துல பண்ணிருக்கேன், கம்பெனி பேர் வேணாம், அஞ்சு வருஷம் வச்சிருந்து வாங்கின விலைக்கே வித்துட்டு வந்தேன், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

இந்த சராசரி யோசனை எதுக்காக வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. 1934லயே முதலீட்டு ஆசிரியர்கள் கிரஹாமும் டாட்டும் சொல்லிட்டாங்க, ஒரு வருஷ லாபத்த நம்பாதீங்க, குறைஞ்சது அஞ்சு வருஷம், முடிஞ்சா ஏழு இல்ல பத்து வருஷ சராசரி எடுங்கன்னு. 1988ல பொருளாதார நிபுணர்கள் கேம்ப்பெலும் ஷில்லரும் அத பணவீக்கம் கழிச்ச கணக்கா மாத்தி மொத்த சந்தைக்கும் போட்டு பாத்தாங்க. மொத்த சந்தைல லாபம் ஒரு வருஷம் பொங்கும், மந்தநிலை வந்தா படுத்துரும், அந்த ஏத்த இறக்கத்த சமன் பண்ணத் தான் பத்து வருஷம். லாபம் படுத்த வருஷத்துல சாதா பிஇ எகிறிரும், ஷேர் காஸ்ட்லின்னு தோணும், உண்மைல அப்ப தான் வாங்கற நேரமா இருக்கும். சராசரி எடுத்தா அந்த ஏமாத்தம் போயிரும். நல்ல யோசனை, நான் குறை சொல்லல.

ஆனா உங்க கரண்ட் கம்பெனிக்கு பொங்கறதும் இல்ல படுக்கறதும் இல்லயே. ஊர்ல என்ன நடந்தாலும் லைட் போடுவாங்க, ஃபேன் ஓடும். சமன் பண்றதுக்கே ஒண்ணும் இல்லாத இடத்துல சமன் பண்ணா என்ன மிஞ்சும்? பணவீக்கம் மட்டும் தான் மிஞ்சும். உங்க எக்ஸெல்ல முதல் வரிய பாருங்க, பத்து வருஷ லிஸ்ட்ல மொத வருஷத்து 20, இன்னிக்கு காசுக்கு 31. அதாவது அன்னிக்கு 31 சம்பாதிச்ச கம்பெனி இன்னிக்கு 20 சம்பாதிக்குது, சம்பாதிக்கற சக்தில மூணுல ஒரு பங்கு போயே போச்சு. அந்த போன சக்தியையும் சேத்து சராசரி எடுத்து தான் உங்களுக்கு 25 வந்திருக்கு. அந்த 25 எந்த ரிசஷன் முடிஞ்சாலும் திரும்பி வரப்போறதில்ல.

பக்கத்துலயே இன்னொரு கம்பெனிய வச்சு பாருங்க. அதுவும் விலை 300, ஈபிஎஸ் 20, பிஇ 15. ஆனா அது வருஷம் 8% வளந்து 10ல இருந்து 20க்கு வந்திருக்கு. அதே 5% பணவீக்கத்துக்கு மாத்தி சராசரி எடுத்தா 17.7 தான் வரும், மடங்கு 17. இப்ப உங்க முறைப்படி தேய்ஞ்சுகிட்டு வர்ற கம்பெனி 12 மடங்கு, மலிவு, வளர்ற கம்பெனி 17 மடங்கு, காஸ்ட்லி. சிரிப்பா இல்ல? யூட்டிலிட்டில இந்த பத்து வருஷ மடங்கு சாதா பிஇய விட குறைவா இருந்தா தள்ளுபடின்னு படிக்காதீங்க, லாபம் விலைவாசிய துரத்திப் பிடிக்க முடியாம பின்தங்கிருச்சுன்னு படிங்க.

இன்னொரு ஆபத்து, இந்த மடங்க திருப்பிப் போட்டு வருமானமா பாக்கற பழக்கம். 25ஐ 300ஆல வகுத்தா 8.3%, பணவீக்கம் போக இவ்ளோ கிடைக்கும்னு நெனச்சுப்போம். உங்க கம்பெனி அந்த 20ஐயும் முழுசா டிவிடெண்டா குடுத்துட்டு, ஈபிஎஸ் என்னிக்கும் 20லயே நிக்குதுன்னு வைங்க, கைக்கு வர்றது 300க்கு 20, 6.7%, அதுல பணவீக்கம் 5% கழிச்சா 1.7%. எட்டேகால் எங்க, ஒண்ணே முக்கால் எங்க! அது ஷேரே இல்ல, முடிவே இல்லாத ஒரு பாண்ட் (கடன் பத்திரம்), அவ்ளோ தான்.

இங்க ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க, அந்த 20ல எவ்ளோ டிவிடெண்டா குடுத்தாங்க? முழுசும் குடுத்திருந்தா ஈபிஎஸ் வளராததுல தப்பு சொல்ல முடியாது, புதுசா காசு போடல, லாபமும் ஏறல, நியாயம். ஆனா பாதிய உள்ளயே வச்சுகிட்டு பத்து வருஷமா ஈபிஎஸ் நகரலன்னா அந்த பாதி எங்க போச்சு? அப்படின்னா பக்கத்துலயே போகாதீங்க. லாபத்துல எவ்ளோ பிரிச்சு குடுக்கறாங்கங்கறத இந்த மடங்கு கண்டுக்கறதே இல்லன்னு ஷில்லரே உணர்ந்து, பின்னாடி டிவிடெண்ட திரும்ப முதலீடு பண்ற மாதிரி சரி பண்ணின ஒரு கணக்கையும் கொண்டு வந்தார்.

கேள்வி: அப்போ யூட்டிலிட்டிக்கு எந்தக் கணக்க தான் நம்பறது? லாபம் எங்கிருந்து வருதுன்னே எனக்கு புரியல, கட்டணத்த நிர்ணயிக்கற ரெகுலேட்டர் தான் முடிவு பண்றார்ன்றாங்க.

ஆமா, அத புரிஞ்சுகிட்டா பாதி வேலை முடிஞ்சுது. கம்பி, சப்ஸ்டேஷன், பைப்புன்னு கம்பெனி போட்டிருக்கற முதலீட்டுக்கு ரேட் பேஸ்னு பேர். அதுல ஒரு பகுதி கடன், ஒரு பகுதி ஷேர்ஹோல்டர் காசு. அந்த ஷேர்ஹோல்டர் காசுக்கு இத்தன பர்சன்ட் லாபம் எடுத்துக்கலாம்னு ரெகுலேட்டர் ஒரு ரேட் சொல்லுவார். ஒரு ஷேருக்கு 200 சொந்தக் காசு இருக்கு, 10% அனுமதி, அப்போ 20 ஈபிஎஸ். நல்லா ஓட்டினா அத தொடலாம், சொதப்பினா குறையும், ஆனா மேல ரொம்ப போக விடமாட்டாங்க. அமெரிக்கால 1923லயும் 1944லயும் சுப்ரீம் கோர்ட் ரெண்டு தீர்ப்பு குடுத்துது, அதே அளவு ரிஸ்க் இருக்கற மத்த தொழில்ல கிடைக்கற லாபம் இதுலயும் கிடைக்கணும்னு, இன்னிக்கும் அங்க ரேட் கேஸ், அதாவது கட்டணத்த முடிவு பண்ற விசாரணை, நடந்தா அத தான் தூக்கிட்டு வருவாங்க.

இப்ப பணவீக்கம் எங்க உள்ள வருதுன்னு பாருங்க, இது தான் ருசியான இடம். அமெரிக்க முறைல ரேட் பேஸ் பழைய வாங்கின விலைலயே இருக்கும், தேய்மானம் மட்டும் கழிச்சுகிட்டே வருவாங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட கம்பிக்கு நாப்பது வருஷத்துக்கு முந்தின விலை தான், ஆனா அத மாத்தணும்னா இன்னிக்கு விலை. அதனால அங்க ஈபிஎஸ் பணவீக்கத்தோட கூட ஓடணும்னா கம்பெனி விடாம புது முதலீடு போட்டுகிட்டே இருக்கணும், சும்மா இருந்தா தேய்மானத்தோட லாபமும் இறங்கும். இங்கிலாந்துல வேற மாதிரி, அங்க நெட்வொர்க் கம்பெனிகளோட முதலீட்டு மதிப்பையே வருஷா வருஷம் விலைவாசி குறியீட்டோட சேத்து ஏத்திருவாங்க, லாப ரேட் மட்டும் பணவீக்கம் போக சொல்லுவாங்க. அந்த ஏத்தின மதிப்பு கம்பெனி லாப நஷ்டக் கணக்குல லாபமா வராது, அதனால அங்க ஈபிஎஸ்ஸ வச்சு பத்து வருஷ மடங்கு போட்டீங்கன்னா உண்மைய விட காஸ்ட்லியா காட்டும். ஒரே ஃபார்முலா, ரெண்டு நாடு, அமெரிக்கால பின்தங்கின கம்பெனிய மலிவா காட்டும், இங்கிலாந்துல காஸ்ட்லியா காட்டும், ரெண்டு எதிர் திசைல தப்பு! அதனால ரெகுலேட்டர் எந்த முறைல கணக்கு பாக்கறார்னு தெரியாம எக்ஸெல்ல திறக்கவே திறக்காதீங்க.

நான் பண்றது என்னன்னா, முதல்ல பணவீக்கம் கழிச்ச ஈபிஎஸ்ஸ ஒரு கோடா வரைஞ்சு பாப்பேன், சராசரி எடுக்கவே மாட்டேன். கோடு படுத்து கிடக்கா, ஏறுதா, சரியுதா, அது போதும். ஏறுதுன்னா அடுத்த கேள்வி, புது ஷேர் போட்டு ஏத்தினாங்களா, கடன் வாங்கி ஏத்தினாங்களா, லாபத்துல இருந்தா. அப்புறம் அனுமதிச்ச ரேட்ட ஷேருக்கான சொந்தக் காசால பெருக்கி வர்ற ஈபிஎஸ்ஸையும் உண்மைல வந்த ஈபிஎஸ்ஸையும் பக்கத்துல வச்சு பாப்பேன். எப்பவுமே ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளின்னா ஒண்ணு நிர்வாகம் சரியில்ல, இல்ல ரெகுலேட்டர் இழுத்தடிக்கறார். பத்து வருஷ மடங்கு இதுக்கெல்லாம் அப்புறம் தான், அதுவும் அந்த கம்பெனியோட பழைய மடங்கோட மட்டும் ஒப்பிடுவேன்.

கேள்வி: பத்து வருஷம் நல்ல ரெக்கார்ட் இருந்தா ரிஸ்க் இல்லன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. கான்சாலிடேட்டட் எடிசன் கதை தெரியுமா, நியூயார்க்குக்கு கரண்ட் குடுக்கற கம்பெனி. 1885ல இருந்து விடாம டிவிடெண்ட் குடுத்துட்டு வந்தது 1974 ஏப்ரல்ல நிறுத்திருச்சு. 1973 கடைசில எண்ணெய் விலை எகிறி எரிபொருள் செலவு ஏறிருச்சு, வட்டியும் ஏறிருச்சு, மக்கள்கிட்ட வாங்கற கட்டணம் அந்த வேகத்துல ஏறல, கைல காசு இல்ல. அந்த ஒரு கம்பெனியோட நிக்கல, யூட்டிலிட்டி ஷேர் மொத்தமும் அடி வாங்குச்சு. 1973ல உக்காந்து பத்து வருஷ சராசரி எடுத்திருந்தா இதுல ஒண்ணு கூட தெரிஞ்சிருக்காது, ஏன்னா சராசரி பின்னாடி பாக்கற கண்ணாடி, வந்த பள்ளம் முன்னாடி இருந்துச்சு. செலவு ஏறின உடனே கட்டணமும் தானா ஏற வழி இருக்கா, இல்ல ஒவ்வொரு தடவையும் ரெகுலேட்டர்கிட்ட போய் ரெண்டு வருஷம் நிக்கணுமா, இத ஆண்டறிக்கைல தேடுங்க.

கேள்வி: பத்து வருஷத்துல ஒரு வருஷம் பயங்கர நஷ்டம். அத சேக்கறதா விடறதா?

நஷ்டம் எதனாலன்னு பாக்கணும். கணக்கு புத்தகத்துல மட்டும் மதிப்ப குறைச்சு எழுதின நஷ்டம்னா அத கூட பழைய வருஷங்கள்ல லாபத்த கூட காட்டிட்டு இப்ப ஒத்துக்கறாங்கன்னு தான் நான் படிப்பேன், அதனால விடமாட்டேன், பத்து வருஷத்துக்கும் பிரிச்சு விடுவேன். ஆனா சில நஷ்டம் கம்பெனியையே வேற கம்பெனியா மாத்திரும். கலிஃபோர்னியால பிஜி அண்ட் ஈன்னு ஒரு கரண்ட் கம்பெனி, காட்டுத்தீ பொறுப்புனால 2018ல கிட்டத்தட்ட 690 கோடி டாலர் நஷ்டம், 2019 ஜனவரில திவால் மனு, 2020ல வெளிய வரும்போது ஷேர் எண்ணிக்கை பழசு மாதிரி மூணு மடங்குக்கு மேல. அதுக்கு முன்னாடி ஈபிஎஸ், பின்னாடி ஈபிஎஸ் ரெண்டையும் கூட்டி பத்தால வகுத்தா வர்ற நம்பருக்கு ஒரு அர்த்தமும் இல்ல. அந்த மாதிரி இடத்துல பழச தூக்கி போட்டுட்டு இப்ப இருக்கற ரேட் பேஸ், இப்ப இருக்கற ஷேர் எண்ணிக்கை, இத வச்சே கணக்கு போடுங்க.

கேள்வி: மொத்த லாபத்த வச்சு போடலாமா, ஷேருக்கு எவ்ளோன்னு தான் போடணுமா?

ஷேருக்கு தான். யூட்டிலிட்டி கம்பெனிகள் கம்பி போட காசு பத்தாம அடிக்கடி புது ஷேர் விக்கற ஆளுங்க, மொத்த லாபம் ஜம்முன்னு ஏறும், உங்க பங்கு நின்ன இடத்துலயே நிக்கும். போனஸ், ஸ்ப்ளிட் இருந்தா பழைய ஈபிஎஸ்ஸ சரி பண்ணிக்கோங்க.

கேள்வி: 1999 டிசம்பர்ல அமெரிக்க சந்தையோட ஷில்லர் மடங்கு 44 வரைக்கும் போச்சாமே, அதோட ஒப்பிட்டா என் யூட்டிலிட்டி 17 மலிவு தானே?

டெக் ஷேர் நிறைஞ்ச சந்தைய கரண்ட் கம்பத்தோட ஒப்பிட வேணாம். இதோட போட்டியாளர் பாண்ட் தான். அமெரிக்க பத்து வருஷ அரசு பாண்ட் வட்டி 2020 ஆகஸ்ட்ல அரை பர்சன்ட்டுக்கு வந்துச்சு, 2023 அக்டோபர்ல 5% தொட்டுச்சு, அந்த ரெண்டு நாள்லயும் ஒரே கம்பெனிக்கு ஒரே மடங்கு எப்படி சரியாகும்? பணவீக்கத்தோட சேந்து ஏறற அரசு பாண்ட் கிடைக்கற சந்தைன்னா அதோட வட்டிய பக்கத்துல வச்சு பாருங்க, அதுக்கு மேல எவ்ளோ கூட குடுக்குதுங்கறது தான் கேள்வி.

கேள்வி: எந்த குறியீட்ட வச்சு மாத்தறது, எக்ஸெல்ல எப்படி?

நுகர்வோர் விலை குறியீடு, மொத்த விலை குறியீடு வேணாம், ஷேர்ஹோல்டர் வீட்டுச் செலவு தானே பாக்கணும். அந்த வருஷ ஈபிஎஸ்ஸ இன்னிக்கு குறியீட்டால பெருக்கி அந்த வருஷ குறியீட்டால வகுங்க. குறியீடு எடுக்கும்போது அந்த நிதியாண்டோட பன்னெண்டு மாச சராசரிய எடுங்க, கடைசி மாச நம்பர மட்டும் எடுக்காதீங்க, லாபம் வருஷம் பூரா வந்தது தானே. அப்புறம் நடுவுல அரசு அடிப்படை ஆண்ட மாத்திருந்தா பழைய சீரிஸையும் புது சீரிஸையும் இணைச்சுகிட்டு ஆரம்பிங்க, போன மாசம் ஒரு வாசகர் அனுப்பின ஷீட்ல பாதி வருஷம் ஒரு சீரிஸ் பாதி வருஷம் இன்னொண்ணு, ஈபிஎஸ் நடுவுல திடீர்னு ரெண்டு மடங்காயிருச்சு, அவர் அத வளர்ச்சின்னு நெனச்சு இன்னும் ஷேர் வாங்கியே விட்டார்.