கடிதம்: கூலி எழுதாத கணக்கு

வணக்கம் டீச்சர்,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் கிராணி (எழுத்தர்) வேலை. வரும் தை மாதம் எனக்குத் திருமணம். அப்பா செம்பனைக் குலை வெட்டும்போது முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். ஆறு வருடமாக வீட்டு வரவு செலவு என் கையில்தான். எரிவாயுத் தோம்பு (சிலிண்டர்) 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு என்பதிலிருந்து தம்பியின் மோட்டார் சைக்கிள் தவணை வரை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்கிறார்கள். அதற்கு ரவிக்கையும், வரவேற்புக்கு நீளப் பாவாடையும் மேல்சட்டையும் தைத்துக் கொடுக்கத் துணி உட்பட 680 வெள்ளி ஆகும் என்று ஈப்போவில் சொன்னார்கள். நானே தைத்தால் துணி, லைனிங், மணி, ஜரிகை எல்லாம் சேர்த்து 190 வெள்ளி. 490 வெள்ளி மிச்சம். எனக்குத் தையல் நன்றாக வரும். வேலை முடிந்து வந்து தினமும் இரவு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடித்துவிடுவேன்.

கல்யாணப் பெண் தன் துணியைத் தானே தைத்தால் சகுனம் சரியில்லை என்கிறார் அத்தை. நம் மரபில் அப்படி ஏதாவது உண்டா? இன்னொன்று, கல்யாணச் செலவுக்குக் கூட்டு, அதாவது சீட்டுக் காசை முன்கூட்டியே எடுக்கலாமா, அல்லது சேமநிதியில் கை வைக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள மகளுக்கு,

நீ என்றே எழுதுகிறேன். டீச்சர் என்று அழைத்துவிட்டாய், இனி உனக்கு வேறு வழி இல்லை.

உன் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் எட்டு 555 புத்தகங்கள் கிடந்தன. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சிறு நோட்டை இந்த நாட்டில் தெரியாதவர் கிடையாது. தோட்டத்து மளிகைக் கடைக்காரர் நம் கடனை எழுதி வைப்பார். அதே போன்ற இன்னொன்றை அம்மா வீட்டில் வைத்திருப்பார், கடைக்காரர் கூட்டி எழுதிவிடக் கூடாது என்பதற்காக. அம்மா போன மாதம் காலமானார். அலமாரியைக் காலி செய்தபோது இவை கிடைத்தன. மூன்றாம் வகுப்பு வரை படித்தவரின் கையெழுத்து. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குக்குப் பத்து வெள்ளி. ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. உன் ஊர்க்காரர்தான். நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்தாகக் கட்டலாம். அம்மா அந்தப் பத்து வெள்ளியைத் தையல் காசில்தான் கட்டினார்.

முதலில் உன் சில்லறைக் கேள்விகள். சேமநிதியைத் தொடாதே. 2024 மே மாதத்திலிருந்து நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து வைத்துவிட்டார்கள், எடுப்பது சுலபம். சுலபமாக இருப்பதனால்தான் சொல்கிறேன். கூட்டு நடத்துவதோ 1971லிருந்தே சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல் இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியது, தடை செய்யப்படுவதற்காக! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சகுனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் பேச விரும்புவது உன்னுடைய அந்த 490 வெள்ளியைப் பற்றி.

என் அக்காவுக்கு 1974இல் கல்யாணம். தன் ரவிக்கையைத் தானே தைப்பேன் என்று அவளும் உன்னைப் போலவே ஒற்றைக் காலில் நின்றாள். அம்மாவின் மிதி மெஷின் நடுவீட்டில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய், நடுப்பகல் வரை பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி, ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து குளித்ததும் அம்மா அதில் உட்காருவார். தீபாவளிக்கு முன்னும், ஜனவரியில் பள்ளி திறப்பதற்கு முன்னும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் துணியெல்லாம் எங்கள் வீட்டில்தான். பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் மெஷின் ஓடும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டை வெட்டினாள். கை வெட்டும்போதுதான் தப்பு நடந்தது. ரவிக்கைக் கைக்கு முன்பக்கம் குழிவு அதிகம், பின்பக்கம் குறைவு என்று உனக்குத் தெரியும். ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். அவள் இரண்டையும் ஒரே மாதிரி வெட்டிவிட்டாள். இரண்டும் இடக்கை! தைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் வலது தோள் இழுப்பது தெரிந்தது. கரை போட்ட துண்டு, மாற்றுத் துணி கிடையாது. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும், துவைத்தாலும் போகாது. கல்யாணத்துக்கு மூன்று நாள். அக்கா மெஷின்மேல் தலை வைத்து அழுதாள்.

அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. புடவையைப் பிரித்து, இடுப்பில் உள்ளே செருகும் முனையில் ஒரு முழம் அளந்து வெட்டினார். கல்யாணப் புடவையில் கத்தரி வைத்ததைப் பார்த்த பாட்டிதான் மாரில் அடித்துக்கொண்டார். இரவு முழுவதும் உட்கார்ந்து, அந்த ஒரு முழத்தில் புதிய வலக்கை வெட்டி, பழைய துளைகள் உள்ளே மறையும்படி ஒரு நூல் அளவு உள்வாங்கித் தைத்து முடித்தார் அம்மா. விடிந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை. அன்று பால்மரம் வெட்டப் போகவில்லை.

இப்போது அந்த மாதத்து 555ஐத் திறந்து பார்க்கிறேன். புடவை 85 வெள்ளி. லைனிங், நூல், கொக்கி எல்லாம் காசு சுத்தமாக இருக்கின்றன. மறுநாள் தேதியில் ஒரு வரி: ‘வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி இல்லை.’ அந்த இரவைப் பற்றி ஒன்றுமே இல்லை.

மகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார். தோட்டத்துத் துரை விலை வைத்த பகல் போனது அம்மாவுக்கு நட்டமாகத் தெரிந்தது. யாரும் விலை வைக்காத இரவு போனது தெரியவே இல்லை. எட்டுப் புத்தகத்திலும் தேடிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கவுனுக்கு ஒன்றரை வெள்ளி என்று இருக்கிறது. எனக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் இருபது வருடம் தைத்ததற்கு ஒரு காசுகூட இல்லை.

நீயும் அதே புத்தகத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாய். கையில் கைப்பேசி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தினம் இரண்டு மணி நேரம், ஒரு மாதம் என்கிறாய். அறுபது மணி நேரம். உன் சம்பளம் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி; வாரத்துக்கு 45 மணி நேர வேலை. வகுத்துப் பார், மணிக்கு 8 வெள்ளி 72 காசு வரும். அறுபதால் பெருக்கு: 523 வெள்ளி. மிச்சம் என்று நீ சொன்னது 490. ஆக 33 வெள்ளி கைநட்டம்! இதில் உன் கண்ணுக்கும் முதுகுக்கும் விலை போடவில்லை. கிராணி வேலை பார்க்கிறவள் இந்தக் கூட்டலைப் போடாமல் எனக்குக் கடிதம் எழுதலாமா?

தையல் மெஷின் பெண்ணின் வேலையைக் குறைத்ததே என்பாய். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு கதை சொல்வார். இயந்திரங்களை நீங்கள் அறவே எதிர்க்கிறீர்களா என்று 1924இல் காந்தியிடம் கேட்டார்கள். தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், அவள்மேல் வைத்த அன்பால் சிங்கர் செய்த கருவி அது என்றார். உன் ஊரில் காந்தியின் பெயரில் ஒரு கலாசாலையே இருக்கிறது. அவர் சொன்னதை நாங்கள் சந்தேகிப்போமா? வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐசக் சிங்கருக்குப் பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். எலியாஸ் ஹோவ் என்பவர் தையல் மெஷினுக்கு 1846இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். வழக்காடி சிங்கரிடம் பணம் வாங்கினார். சிங்கரின் நிறுவனம் உண்மையில் பரப்பிக் கொடுத்தது தவணை முறை, 1856 முதல். எங்கள் மெஷினும் தவணையில் வந்ததுதான்.

காந்திமேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் நல்ல மனத்தோடுதான் சொன்னார். கையால் தைத்தால் பதினான்கு மணி நேரம் பிடிக்கும் ஆண் சட்டையை மெஷினில் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டார்கள். சரி, மிச்சமான பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை யார் எடுத்துக்கொண்டது? என் அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் வருவதற்கு முன் எங்கள் வீட்டுக் கிழிசலை மட்டும் தைத்தவர், வந்த பிறகு ஒரு லயத்துக்கே தைத்தார்.

தைக்காதே என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டு அழாதே. தை. ஆசைப்பட்டுத் தை. உன் கையால் செய்ததை உடுத்திக்கொண்டு மணவறையில் உட்காரும் பெருமையை ஈப்போவில் 680 வெள்ளி கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தைக்காதே. கணக்கில் ‘தையல் கூலி, அறுபது மணி நேரம், 523 வெள்ளி, என் அன்பளிப்பு’ என்று எழுது. எழுதி அப்பாவிடம் காட்டு, தம்பியிடமும் காட்டு. அந்த ஒரு மாதம் இரவுச் சமையலும் பாத்திரமும் தம்பியின் பொறுப்பு என்று கீழே எழுது. மோட்டார் சைக்கிள் தவணையை அக்கா கணக்கில் எழுதுகிறாள் அல்லவா, அவன் நாலு தட்டுக் கழுவினால் கை தேய்ந்துவிடாது. கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் புதிய புத்தகம் தொடங்குவாய். முதல் நாளே கூலிப் பத்தி ஒன்று கோடு போட்டு வை.

தையலைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. பட்டில் கத்தரி வைக்குமுன் மலிவான பருத்தித் துணியில் ஒன்றை முழுதாகத் தைத்துப் போட்டுப் பார். மெல்லிய ஊசி போடு. பக்கத் தையலில் இரண்டு விரல் துணி உள்ளே விடு. கல்யாண அலைச்சலில் இளைப்பவர்களும் உண்டு, விருந்தில் பெருப்பவர்களும் உண்டு. கைகளை வெட்டும்போது என் அக்காவை நினைத்துக்கொள்.

போன வாரம் தொலைபேசியில் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஐம்பது வருடம் சொல்லாததைச் சொன்னாள். கல்யாணம் முழுக்க அந்த வலக்கை இறுக்கிப் பிடித்ததாம். மாலை மாற்றும்போது கையைத் தூக்கவே முடியவில்லையாம். ‘அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு எப்படியடி சொல்வது?’ என்றாள்.

சகுனத்தை மறந்தே போனேன். உன் அத்தை சொல்வது போல எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. என்றாலும் அத்தையோடு சண்டை போடாதே. பெண் தன் துணியைத் தானே முழுவதும் தைக்கக் கூடாது என்றால், கொக்கி தைக்கும் வேலையை அவரிடம் கொடு. ரவிக்கைக்கு ஏழு கொக்கி. அத்தை பெயரில் ஒரு மணி நேரம் என்று கூலிப் பத்தியில் எழுதிக்கொள்.

அன்புடன்,
டீச்சர்