ரசனைக்கு மதிப்பெண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியல் படிக்கும் என் தங்கை வீட்டில் எல்லோருக்கும் ஒரு சோதனை வைத்தாள். 50 ஜோடிப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை வடிவங்கள். ஜோடியில் எது நன்றாக அமைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். கணவருக்கு 38 சரி, எனக்கு 27. “உனக்கு ரசனை கம்மி” என்று அன்றிலிருந்து வீட்டில் பேச்சு. விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் உறுத்துகிறது. தெருவில் நல்ல கோலத்தைப் பார்த்தால் நின்று பார்க்காமல் நகர மாட்டேன் நான். ரசனையை இப்படி அளக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ‘வாஸ்ட்’ (VAST), அதாவது காட்சி அழகியல் நுண்ணுணர்வுச் சோதனை. படங்களை வரைந்தவர் கார்ல் ஓட்டோ கோட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியர். டூசல்டோர்ஃப் கலைக்கல்லூரியில், பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரான கெர்ஹார்ட் ரிக்டருக்கு ஆசிரியராக இருந்தவர். லண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் முதலியோருடன் சேர்ந்து 1979இல் அதை வெளியிட்டார்.

கோட்ஸ் ஒரு படம் வரைவார். அப்புறம் அதையே, அமைப்பு கெடும்படி சில மாற்றங்கள் செய்து, மறுபடி வரைவார். ஜோடிகளை எட்டு வல்லுநர்களிடம் காட்டினார்கள். எட்டுப் பேரும் ஒரே படத்தைச் சொன்னால்தான் அந்த ஜோடி சோதனையில் நிற்கும். ஆக, உங்கள் தங்கை கையில் இருந்த விடைத்தாள் ஓர் ஓவியரும் எட்டு வல்லுநர்களும் ஒத்துப்போன கருத்து. பயிற்சி பெற்ற கண்களின் கருத்துக்கு மதிப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐசெங்க் இன்னும் பெரிதாக ஆசைப்பட்டார். அறிவுத்திறன் போல ரசனையும் மனிதருக்குள் இருக்கும் ஒரு பொதுத்திறன் என்று 1940லேயே எழுதியவர் அவர். இந்தச் சோதனையை ஜப்பானுக்கும் ஹாங்காங்குக்கும் கொண்டுபோனதும் அந்த நம்பிக்கையில்தான். அந்த இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் 27க்கு வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக 25 சரியாகிவிடும், அதிலும் மூன்று நான்கு கூடக் குறைய வருவது சகஜம். அதனால் 27ஐ வைத்து உங்களைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. எது பிடித்திருக்கிறது என்று பார்க்காதே, எது ஒத்திசைவாக இருக்கிறது என்று பார் என்பதுதான் இந்தச் சோதனையில் சொல்லப்படும் விதி. நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு ஜோடியில் ‘பிழை’ உள்ள படத்தில்தான் எனக்கு ஓர் அசைவு தெரிந்தது, அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வரைந்தவர் எதை விரும்புவார் என்று யோசித்து மற்றதைத் தொட்டேன். மதிப்பெண் கிடைத்தது. அந்த நேரத்தில் நான் ரசித்துக்கொண்டிருந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

2020இல் கொர்ராடி, நடால் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். சமச்சீர், சமநிலை, வளைவு, சிக்கல் என்று நான்கு குணங்களில் கூடியும் குறைந்தும் இருக்கும் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். சமச்சீர் கூடக்கூட ஒருவருக்குப் பிடிப்பது வேகமாக ஏறினால் அவருடைய கண் சமச்சீருக்குக் கூர்மையானது என்று பொருள். ஏறாமலும் இறங்காமலும் இருந்தால் அந்தக் குணம் அவரைத் தொடவில்லை, வேறொன்று தொடலாம். சிக்கல் கூடினால் மகிழ்கிறவரும் உண்டு, விலகுகிறவரும் உண்டு. சரி, தவறு என்று விடைத்தாளே கிடையாது. நுண்ணுணர்வு என்ற சொல்லுக்கு இதுதான் நியாயமான பொருள் என்று நினைக்கிறேன்.

தங்கையிடம் உங்கள் 23 ‘தவறு’களையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தொட்ட படங்களை மட்டும் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தவையா, நெருக்கமானவையா, நடுவில் வெளி விட்டவையா? அவற்றில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் நின்று பார்க்கும் கோலங்களிலும் அதுவே இருக்கிறதா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.