ஆறு வாரம் மட்டும் ஜப்பான் போய் மொழி படிப்பதில் பயன் உண்டா?

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் கீழிருந்து இரண்டாவது நிலையான என்4 முடித்தாகிவிட்டது, கோடைக்கால வகுப்புக்கு ஆறு வாரம் ஜப்பான் போகலாமா, அந்தப் பணத்தில் இங்கேயே இன்னும் ஒரு வருடம் படிக்கலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2018இல் நானும் அதே நிலையில்தான் இருந்தேன். "ஆறு வாரத்தில் என்ன மொழி வந்துவிடும்? ஊர் சுற்றத்தான் போகிறாள்" என்று என் பெரியப்பா எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் காதில் இருப்பதால் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

போங்கள். ஆனால் வகுப்பை நம்பிப் போகாதீர்கள். ஒரு வீட்டில் தங்கப் போங்கள்.

முதலில் நாள் கணக்கு. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. அங்கே கோடை வகுப்புகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கின்றன. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் செமஸ்டர் நடுவில் விழும். எனக்கு மே மாதம் படிப்பு முடிந்து, வேலையில் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனதால்தான் இது முடிந்தது. ஆறு வாரத்துக்குக் குறுகிய கால விசா போதும், 90 நாள் வரை தருவார்கள். அதில் வேலை செய்ய அனுமதி கிடையாது. "பார்ட் டைம் வேலை பார்த்துப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம்மா" என்று சென்னையில் ஒரு ஏஜென்ட் என் அம்மாவிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை விட்டுவிட்டு நானே நேரடியாகப் பள்ளிக்கு எழுதிச் சேர்ந்தேன். கட்டணம், தங்குமிடம், விமானம் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆனது. பாதி அம்மா நகைக்கடன் வாங்கிக் கொடுத்தது. அதனால் "பணக்காரப் பிள்ளைகளுக்கான அறிவுரை" என்று யாரும் எழுத வேண்டாம்.

ஜூலை 7ஆம் தேதி கியோட்டோ போய்ச் சேர்ந்தேன். அந்த வாரம்தான் மேற்கு ஜப்பான் முழுவதும் பெருமழை, வெள்ளத்திலும் மண்சரிவிலும் இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நான் தங்கிய வீடு கமோ ஆற்றுக்கு அருகில். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். ஒகாசான், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடச் சொன்னார். அவருடைய போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. திரையைக் காட்டி "ஹினான், ஹினான்" என்றார். புரியாமல் விழித்தேன். ஒரு பையைத் தோளில் மாட்டி, கதவைக் காட்டி, வேகமாக நடப்பதுபோல் நடந்து காட்டினார். பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறுவதுதான் ஹினான். என்4 படித்தவளுக்கு அந்தச் சொல் தெரியாது. அன்று வெளியேற வேண்டி வரவில்லை, ஆனால் பை மூன்று நாள் வாசலிலேயே இருந்தது.

மழை விட்டதும் வெயில். நான் வேலூர். வெயிலுக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் மலைகளுக்கு நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கிற கியோட்டோவின் புழுக்கம் வேறு. அந்த ஜூலையில் அங்கே 39 டிகிரியைத் தாண்டியது, அதே மாதம் 23ஆம் தேதி குமகாயா என்ற ஊரில் 41.1 டிகிரி பதிவானது. தங்குமிடத்தில் ஏசி உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

வகுப்பு காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. நன்றாகத்தான் நடத்தினார்கள், ஆனால் சென்னையில் படிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வீட்டில்தான். காலை ஆறரைக்கு வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகும், 1928இல் தொடங்கிய வழக்கம். விடுமுறைப் பிள்ளைகள் கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவுக்கு வருவார்கள், முடித்ததும் முத்திரை குத்தித் தருவார்கள். ஒகாசான் என்னையும் கூட்டிப்போனார். அந்தப் பிள்ளைகள் வாத்தியார் மாதிரி திருத்தவில்லை, புரியவில்லை என்றால் "ஹே?" என்று நேராகக் கேட்டுவிடுவார்கள். எந்த உச்சரிப்பு தவறு என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வாரம், ஒரு மதியம். சாப்பாட்டு மேசையில் சின்னக் கிண்ணம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். உள்ளே கத்தரிக்காய் ஊறுகாய், ஷிபாசுகே என்று பெயர். ஷிசோ என்ற செவ்வூதா நிற இலையோடு உப்புப் போட்டுப் புளிக்கவைப்பது, கியோட்டோவுக்கு வடக்கே ஒஹாரா கிராமத்தில் பேர் போனது. பீட்ரூட் சாற்றில் முக்கியதுபோல் நிறம். நான் தயங்கியதைப் பார்த்து "தபெத்தே மி" என்றார்.

தபெத்தே என்றால் சாப்பிட்டு. மி, பார். "சாப்பிட்டுப் பாரு."

என் அம்மா சொல்வதும் இதுதானே! அதே வரிசை, அதே இரண்டு வினை, 'பார்' என்பது கண்ணால் பார்ப்பதைக் குறிக்காமல் 'செய்து பார்' என்று மாறுகிற அதே விதம். இந்த இலக்கணத்தை நான் சென்னையில் ஆங்கில விளக்கத்தோடு ஒரு வாரம் உருப்போட்டிருந்தேன். தமிழில் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. அன்று மதியம் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கத்தே ஒகு, வாங்கி வை. தபெத்தே ஷிமாவு, சாப்பிட்டுவிடு. தொ இயு, என்று சொல். தரே யார், தரேகா யாரோ, தரேமோ என்று சொல்லி 'இல்லை' சேர்த்தால் யாரும் இல்லை. நாலு பக்கம் நிறைந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆற்றாமை இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் வினையெச்சம், துணைவினை எல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்விகள். வரையறையை எழுது, ஓர் எடுத்துக்காட்டு தா, முடிந்தது. நாம் வாய் திறந்தால் வருவது இதுதான் என்று ஒருவர்கூட எங்களுக்குக் காட்டவில்லை. சுட்டெழுத்து அ, இ, உ மூன்று, அதில் உ இன்று வழக்கில் இல்லை என்று படித்தேன். என் கியோட்டோ வகுப்பில் பிரான்ஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருந்தார். ஒருநாள் நான் கையில் வைத்திருந்த பொட்டலத்தைப் பார்த்து "உதென்ன தங்கச்சி?" என்றார். ஜப்பானிய மொழியில் கோரே, சோரே, ஆரே, தோரே என்று நான்கு. பேசுபவர் பக்கம் இருப்பது கோரே, கேட்பவர் பக்கம் இருப்பது சோரே, இருவருக்கும் தூரத்தில் இருப்பது ஆரே. எனக்கு சோரேவுக்கும் ஆரேவுக்கும் எப்போதும் குழப்பம். அவருக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் இது, உது, அது, எது நான்கும் அவர் வீட்டில் இருக்கின்றன. வழக்கில் இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லை அவர் அன்றாடம் பேசிக்கொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

உடனே "தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் தொடர்பு உண்டு என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவது கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. படிக்கிறவருக்கு இந்த ஒற்றுமை கைகொடுக்கிறது, நான் சொல்வது அவ்வளவுதான். கைகொடுக்காத இடமும் இருக்கிறது. கான்ஜி என்பவை சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்தவை மட்டும் 2136. என் வகுப்பில் இருந்த சீன, தைவான் மாணவர்கள் பேசத் திணறினாலும் செய்தித்தாளின் பொருளைப் பிடித்துவிடுவார்கள். அதில் நமக்குக் குறுக்கு வழி கிடையாது, எழுதி எழுதித்தான் வரும்.

ஆகவே கிளம்புவதற்கு முன் உங்கள் பாடநூலில் இருக்கிற ஒவ்வொரு வாக்கிய அமைப்பையும் தமிழில் எழுதிப் பாருங்கள், ஆங்கிலத்தைத் தொடாமல். அங்கே போனதும் நம் ஊர்க்காரர்களோடு அறை எடுக்காதீர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு சமைத்துச் சாப்பிட்டேன். ஆனால் அங்கேயே தங்கியிருந்தால் "தபெத்தே மி" என் காதில் விழுந்திருக்காது. அதையே வகுப்பில் மரியாதையாக "தபெத்தே மித்தே குதசாய்" என்று சொல்லித்தருவார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. சைவம் என்றால் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள், மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும்.

முடிந்தால் ஆகஸ்ட் 16 வரை இருங்கள். ஓபோன் நாட்களில் வீட்டுக்கு வந்த முன்னோரை வழியனுப்ப, அன்றிரவு கியோட்டோவைச் சுற்றியுள்ள ஐந்து மலைகளில் நெருப்பு ஏற்றுவார்கள். எட்டு மணிக்குக் கிழக்கு மலையில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து முதலில் எரியும். ஒகாசானின் கணவர் அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் இறந்திருந்தார், அவருக்கு அது முதல் ஓபோன். மூன்று நாளாகப் படத்தின் முன் அவருக்குப் பிடித்த பார்லி டீயைக் குளிரக் குளிர வைத்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் கூட்டத்தோடு நின்றோம். நெருப்பு முதலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்து, பிறகு கோடு கோடாகச் சேர்ந்து எழுத்தானது. அவர் கைகூப்பியபடி நின்றார். அது மங்கத் தொடங்கியபோது, என்னிடம் அல்ல, மலையைப் பார்த்து, "கயெத்தே ஷிமொத்தா நா" என்றார்.

கயெத்தே, திரும்பிப் போய். ஷிமொத்தா, அந்த ஊர்ப் பேச்சில் 'விட்டார்'. போயிட்டாரே. அதை நான் மனதுக்குள் மொழிபெயர்க்கவில்லை. அவர் சொன்ன மாதிரியே எனக்குக் கேட்டது, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.