டிக் போட்டுவிட்டால் கேஸ் வராதா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தேன் வியாபாரம் செய்கிறேன். இரண்டு வருடமாகச் சொந்த இணையதளம் வைத்து வெளியூருக்கும் கூரியரில் அனுப்புகிறேன். போன மாதம் கோவையில் ஒருவர் நான்கு கிலோ வாங்கினார். பாட்டிலின் அடியில் உறைந்துவிட்டது, சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, வழக்குகள் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மட்டும்’ என்று தளத்தின் அடியில் நிபந்தனை இருக்கிறதே என்றேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, பதினைந்து நாளில் பணம் தராவிட்டால் கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவாராம். தளத்தைச் செய்து தந்த என் மச்சினன் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். ‘நிபந்தனைகளை ஒப்புக்கொள்கிறேன்’ என்று பணம் கட்டும் இடத்தில் ஒரு டிக் பெட்டி வைத்துவிட்டால் இனி யாராலும் கேஸ் போட முடியாது என்கிறான். டிக்கை நாமே முன்கூட்டிப் போட்டு வைத்துவிடலாம், இல்லையென்றால் பாதிப் பேர் வாங்காமல் போய்விடுவார்கள் என்றும் சொல்கிறான். செய்யலாமா?

பதில்: மச்சினன் சொன்னதில் பாதி சரி. டிக் பெட்டி வையுங்கள். ஆனால் டிக்கை நீங்களே போட்டு வைக்காதீர்கள். பெட்டி வந்துவிட்டால் கேஸ் வராது என்பதையும் மறந்துவிடுங்கள்.

பதில் எழுதுவதற்கு முன்னால் உங்கள் தளத்தை என் போனில் திறந்து பார்த்தேன். தேன் பாட்டில் படம், விலை, ‘இப்போதே வாங்கு’ பொத்தான். அழுத்தினால் முகவரி கேட்கிறது, அப்புறம் நேராக யுபிஐ. இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது, நிபந்தனை என்று ஒன்று என் கண்ணில் படவே இல்லை. தேடிப் பார்த்தபோதுதான், முதல் பக்கத்தில் நாலு தடவை விரலால் தள்ளிக் கீழே போனபிறகு, வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி கிடைத்தது. அதைத் தொட்டால் முழுக்க ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். அதில் ஒரு இடத்தில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் பொருந்தும் என்று வேறு இருக்கிறது! எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள், சரி, நிறையப் பேர் செய்வதுதான். ஆனால் கோவைக்காரரிடம் போய் ‘நீங்கள் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்’ என்று எந்த வாயால் சொல்வது?

1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பிரிவு 13 சொல்வது ரொம்ப எளிது: இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம். பார்க்காத நிபந்தனைக்குச் சம்மதம் எப்படி வரும்? அமெரிக்காவில் 2002லேயே நெட்ஸ்கேப் நிறுவனம் இதில் தோற்றது. மென்பொருளை இறக்கிக்கொள்ளும் பொத்தான் மேலே, நிபந்தனைக்கான சுட்டி திரைக்குக் கீழே. கீழே தள்ளிப் பார்க்காத ஆளை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் உங்கள் தளத்தின் கதை அச்சாக அதேதான்.

டிக் பெட்டி உதவுவது இங்கேதான். இணையத்தில் போடும் ஒப்பந்தம், மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 10ஏ சொல்கிறது. பேப்பர், கையெழுத்து எதுவும் வேண்டாம். வாங்குகிறவர் தன் விரலால் டிக் போட்டால் அது கையெழுத்து மாதிரியான ஒரு சாட்சியம், ‘எனக்குக் காட்டவே இல்லை’ என்று பிறகு சொல்வது கஷ்டம். அதனால்தான் டிக்கை அவர் போட வேண்டும். நீங்களே போட்டு வைப்பது, அவர் கையெழுத்தை நீங்கள் போடுகிற மாதிரி. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விதி 4(9), முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி என்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. வாங்குகிறவர் வெளிப்படையாக, தானாகச் செய்த செயலால் தந்த சம்மதத்தை மட்டும்தான் பதிவு செய்யலாம். நான் சின்ன வியாபாரி, இதெல்லாம் அமேசானுக்குத்தானே என்று கேட்பீர்கள். இல்லை, சொந்தத் தளம் வைத்து வழக்கமாக வியாபாரம் செய்கிற எல்லோருக்கும்தான்.

பாதிப் பேர் வாங்காமல் போய்விடுவார்கள் என்கிற பயம் வேண்டாம். நாலு கிலோ தேனுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டத் துணிந்தவர் ஒரு டிக் போட மாட்டாரா?

இனி மச்சினனுக்குத் தெரியாத பகுதி. டிக், நிபந்தனையைப் பார்த்தார் என்பதற்குத்தான் சாட்சி. அந்த நிபந்தனை நியாயமானதா, செல்லுமா என்பது வேறு கேள்வி. சென்னையில் ஒரு சலவைக்கடை, துணி தொலைந்துபோனால் மதிப்பில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்து வைத்திருந்தது. வாடிக்கையாளரின் புதுச் சேலை தொலைந்தது. ரசீதைக் காட்டினார்கள். அந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1966 தீர்ப்புத் தொகுப்பில் வந்த வழக்கு, சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்திருப்போம். ரசீது வாங்கிக்கொண்டதால் மட்டும் எதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது என்றால், டிக்குக்கும் அதே கதிதான். பில்டர் தயாரித்து நீட்டிய ஒருதலைப்பட்ச ஒப்பந்தத்தில் வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து வீடு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு நிபந்தனையை வைப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்றும் சொன்னது.

உங்கள் இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துக்கொள்வோம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை கடைக்குக் கடை தொங்குகிறது, அதனால் அது சட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பில்லில் கால அளவு போடாவிட்டால் முப்பது நாள் என்று கணக்கு. மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாத பொருளையும் சொன்ன தேதிக்கு மேல் தாமதமாகப் போன பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. ஆகவே அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாங்கினவர் சும்மா மனசு மாறித் திருப்பித் தந்தால் ஏற்க மாட்டோம் என்று எழுதலாம், உணவுப் பொருளில் அது நியாயமும்கூட.

நாகர்கோவில் கோர்ட் விஷயம்: நுகர்வோர், தான் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம் என்று 2019 சட்டம் பிரிவு 34 உரிமை தருகிறது. உங்கள் தளத்தில் ‘மட்டும்’ என்று ஆயிரம் தடவை எழுதினாலும் கோவைக்காரர் கோவையில் போடலாம். அஞ்சு லட்சம் ரூபாய் வரைக்கும் அவருக்குக் கட்டணமே கிடையாது. காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம் என்பதுதான் உங்களுக்கு இருக்கிற ஒரே ஆறுதல். கோர்ட்டுக்குப் பதில் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதி வைத்தாலும் நுகர்வோரைத் தடுக்காது. ஆனால் அந்த வரி முழுசும் வீண் என்று சொல்ல மாட்டேன். பாறசாலையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ மொத்தமாக ஐம்பது கிலோ வாங்கி மறுவிற்பனை செய்கிற கடைக்காரர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் இல்லை. பொருள் உங்கள் கடையிலிருந்துதானே போகிறது, அதனால் வழக்கு உங்கள் கடை இருக்கிற எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே நடக்க வேண்டும் என்று அவரோடு ஒப்புக்கொள்ளலாம், அது நிற்கும். மொத்த வியாபாரத்துக்குத் தனி நிபந்தனைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேஸில் உண்மையில் என்ன குறைந்தது தெரியுமா? டிக் பெட்டி அல்ல, ஒரே ஒரு வரி. ரப்பர் மரத்துக் கொழுந்திலிருந்து வருகிற தேன் சீக்கிரம் உறையும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும், குலசேகரத்தில் பெட்டி வைத்திருக்கிற எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். கோவையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் வீட்டில் உறைந்தால் சர்க்கரை என்றுதான் நினைப்பார். ‘இந்தத் தேன் இயல்பாக உறையும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், கலப்படம் என்று சந்தேகம் இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவியுங்கள், பரிசோதித்துத் தவறு எங்களுடையது என்றால் முழுப் பணமும் திரும்ப’ என்று விலைக்குப் பக்கத்திலேயே தமிழில் போட்டிருந்தால் இந்த நோட்டீஸே வந்திருக்காது என்று நினைக்கிறேன். பதினோரு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு பக்கத்தில் உங்கள் வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். எத்தனை நாளில் வரும், உடைந்து வந்தால் என்ன செய்வது, ரத்து செய்தால் பணம் எப்போது வரும், குறை சொல்ல யாரைக் கூப்பிடுவது. கடைசியில் சொன்னது விருப்பம் இல்லை, கடமை. குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவரின் பெயரும் தொடர்பு எண்ணும் தளத்தில் இருக்க வேண்டும் (நீங்களே இருக்கலாம்). புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

மச்சினனிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பெட்டி காலியாக, பணம் கட்டும் பொத்தானுக்கு நேர் மேலே இருக்கட்டும், எழுத்து விலை எழுத்து அளவுக்காவது தெரியட்டும். ‘நிபந்தனைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் நிபந்தனை என்ற சொல்லைத் தொட்டால் அங்கேயே திறக்கட்டும். டிக் இல்லாமல் பொத்தான் வேலை செய்யக் கூடாது, அதைத் திரையில் மட்டும் தடுத்தால் போதாது, ஆர்டரைப் பதிவு செய்கிற சர்வரிலும் சரிபார்க்கட்டும். அப்புறம் முக்கியமானது: டிக் போட்ட தேதி, நேரம், ஆர்டர் எண், அன்றைக்கு எந்தப் பதிப்பு நிபந்தனை காட்டப்பட்டது, இந்த நாலும் பதிவாக வேண்டும். வழக்கு வருவது ஒன்றரை வருடம் கழித்தாக இருக்கும், அதற்குள் நிபந்தனையை மூன்று தடவை மாற்றியிருப்பீர்கள், எதற்கு அவர் டிக் போட்டார் என்று காட்ட முடியாவிட்டால் டிக் இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய பதிப்புகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், ஆர்டர் உறுதி மெயிலிலேயே நிபந்தனையின் நகலையும் அனுப்பிவிடுங்கள். கணினிப் பதிவைக் கோர்ட்டில் காட்ட, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63ன் கீழ் சான்றிதழ் வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பியின் இடத்தில் 2024 ஜூலை முதல் வந்தது. அதில் ஒரு பகுதி கணினியைக் கையாண்டவர் தருவது, இன்னொரு பகுதி நிபுணர் தருவது. மச்சினன் வேலை மாறி பெங்களூருக்குப் போய்விட்டாலும் அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில் ஆஃபர் அனுப்புகிறீர்கள் அல்லவா, அதற்குச் சம்மதத்தை இதே டிக்கில் திணிக்காதீர்கள், தனிப் பெட்டி வையுங்கள், டிக் போடாதவரும் தேன் வாங்க முடிய வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன, சம்மதம் பற்றிய கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

சரி, கையில் இருக்கிற நோட்டீஸ். இன்றைக்கு வைக்கிற டிக் பெட்டி போன மாத ஆர்டரைக் கட்டுப்படுத்தாது. வைத்துவிட்டு, முன்பே இருந்தது என்று பதில் நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கிற இணையக் காப்பகங்கள் உண்டு, அவர் ஸ்கிரீன்ஷாட்டும் வைத்திருக்கலாம். பொய் வெளிப்பட்டால் நல்ல தேனும் கலப்படத் தேன் ஆகிவிடும். உங்கள் தேன் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால், அதே தொகுப்பில் மீதமுள்ள பாட்டில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குங்கள். ஆணையத்துக்குப் போனாலும் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவ்வளவு தூரம் போக மாட்டேன். தேன் உறைவது ஏன் என்று மரியாதையாக விளக்கி, பாட்டில்களை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு பணத்தைத் தருகிறோம், இது தவறை ஒப்புக்கொள்வதாகாது என்று ஒரு பதில் நோட்டீஸ் போதும். நாலு கிலோவின் விலையை, கோவைக்கு ஒரு வாய்தாவுக்குப் போய்வருகிற செலவோடும் ஒரு நாள் வியாபாரத்தோடும் வைத்துப் பாருங்கள்.

கடிதத்தின் தேதியைப் பார்த்தால் அந்தப் பதினைந்து நாளில் இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. பதிலை ஸ்பீட் போஸ்டில் நாளைக்கே போடுங்கள், மச்சினன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ளலாம்.