டெஸ்ட் பாஸ் ஆகுது, ரிவியூவில் ஏன் மறிக்கினம்?

தம்பி, கிளிநொச்சியிலிருந்து கனடா வந்து முதல் வேலையில் சேர்ந்திருக்கிறீர். உம்முடைய சி மொழி டெஸ்ட் கோடில் இன்ட் (முழு எண்) வகைகள் பொருந்தவில்லை என்று, கூட வேலை செய்யிறவை கோடைப் பார்க்கும் ரிவியூவில் நிறையக் குறிப்புப் போட்டிருக்கினம். எல்லாம் பாஸ் ஆகுதே, வேணுமென்று பிழை பிடிக்கினமோ என்று கேட்டிருந்தீர். இல்லை. குறிப்பு கோடுக்குத்தான், ஆளுக்கில்லை. அவை சொல்லுறதும் சரி.

நீர் காட்டின துண்டைப் பாரும். தரவை வாசிக்கும் ரீட் ஃபங்ஷன் தோற்றால் -1 தரும். அதை சைஸ்_டி மாறியில் வாங்கி, 0ஐ விடப் பெரிசா என்று பார்க்கிறீர். சைஸ்_டிக்கு மைனஸ் கிடையாது. 64 பிட் லினக்ஸில் அந்த -1, 18446744073709551615 ஆகிவிடும். வாசிப்பே நடக்காமல் டெஸ்ட் பாஸ் ஆகும். மைனஸும் கொள்ளுற எஸ்சைஸ்_டியில் வாங்கி, மைனஸா என்று முதலில் பாரும். நீளத்தைப் பிறகு ஒப்பிடலாம்.

கழித்தலிலும் இதே வில்லங்கம்தான். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 30 அடியிலிருந்து 29க்கு இறங்கினால் வித்தியாசம் -1. மைனஸ் இல்லாத 32 பிட் வகையான யூஇன்ட்32_டியில் கழித்தால் 4294967295. 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளுற யூஇன்ட்8_டி வேறு மாதிரி: 200ஐயும் 100ஐயும் கூட்டினால் 44 வராது. சி இரண்டையும் முதலில் இன்ட் ஆக்கும், விடை 300. சுற்றி வரும் 44ஐத்தான் சோதிக்க வேணுமென்றால் விடையை யூஇன்ட்8_டி மாறியில் போட்டபிறகு ஒப்பிடும்.

ஜிசிசி கொம்பைலரில் -டபிள்யூஆல் என்ற வார்னிங் தெரிவை மட்டும் போட்டால் சி கோடில் சைன்ட் (மைனஸ் உள்ள), அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) வகைகளின் ஒப்பீட்டுக்கு வார்னிங் வராது, -டபிள்யூஎக்ஸ்ட்ரா வேணும். மேலே சொன்ன ரீட் பிழையை அதுவும் பிடிக்காது, அதற்கு -டபிள்யூகன்வெர்ஷன். வார்னிங் வந்த இடத்தில் வகையைக் கட்டாயமாக மாற்றும் காஸ்ட் போட்டு அதன் வாயை அடைக்காதையும், தயவுசெய்து. பிழை அப்படியே இருக்கும், கொம்பைலர்தான் பேசாது. ஃபங்ஷன் எந்த வகையைத் தருதோ அதே வகையில் மாறியை அறிவியும். பிரின்ட்எஃப்பில் சைஸ்_டியை அச்சிட %டி அல்ல, %இசட்யூ.

ஊரில் சேர் திருத்தினால் ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவோம். இங்கே அது காணாது. ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் என்ன மாற்றினீர் என்று ஒரு வரி எழுதும். உடன்பாடில்லையென்றால் காரணத்தை எழுதும். ஒருவரும் கோபிக்க மாட்டினம். வகைத் திருத்தங்களைத் தனிக் கொமிட்டாக (தனியாகச் சேமிக்கும் மாற்றமாக) போடும், புது டெஸ்டோடு கலக்க வேண்டாம். திருத்தினபிறகு ஏதாவது டெஸ்ட் ஃபெயில் ஆகினால் பழையபடி மாற்றிவிடாதையும், அங்கேதான் உண்மையான பிழை இருக்கலாம்.