பையில் இருக்கும் கார்டிலிருந்து பணம் போய்விடுமா?

கேள்வி: போன மாதம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஏரிக்கரையில் ஒருவர், "பக்கத்தில் நிற்பவரே உங்கள் வைஃபை கார்டிலிருந்து பணத்தை எடுத்துவிடலாம்" என்று சொல்லி, ஒரு கவச உறையை 450 ரூபாய்க்கு விற்றார். கார்டைத் தட்டிப் பணம் செலுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. உறை போதுமா? – அம்மாபேட்டை வாசகி

பதில்: பயத்தை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. உறை வேலை செய்யும். ஆனால் அதற்கு 450 ரூபாய் மிக அதிகம். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைக் கார்டைச் சுற்றி மடித்தாலே ரேடியோ அலை உள்ளே புகாது.

வளைகோட்டு அடையாளத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர்தான் வைஃபை. வீட்டு இணையத்துக்கும் அதற்கும் உறவில்லை. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. கடையில் பணம் வாங்கும் கருவியைச் சில சென்டிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்தால்தான் அதன் அலையிலிருந்தே சக்தி பெற்றுப் பேசும். ஒவ்வொரு முறையும் புது ரகசியக் குறியீட்டைத் தருவதால், ஒட்டுக்கேட்டவர் அதை மறுபடி பயன்படுத்த முடியாது. பஸ்ஸில் பணத்தை எடுக்க நினைப்பவரிடம் வங்கி தரும் கடைக் கருவி இருக்க வேண்டும். அது ஒரு வங்கிக் கணக்கோடு பிணைந்தது. பணம் போன தடம் பதிவாகிவிடும். பின் எண் இல்லாமல் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய்தான் உச்சம்.

ஒரே ஒரு ஓட்டை உண்டு. கார்டின் எண்ணையும் காலாவதித் தேதியையும் நெருங்கி வந்தால் படித்துவிடலாம். நம் நாட்டு இணையக் கடைகள் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுக் கடைகள் சில கேட்பதில்லை. ஆகவே கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடி வையுங்கள். மகனோ மகளோ வெளிநாட்டில் படிக்கிறார், கட்டணம் கட்ட வேண்டும் என்றால் திறந்து, கட்டி, அன்றைக்கே மூடிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். என் உறவினர் வீட்டிலேயே அப்படிக் கிடந்தது.

2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது: புதிய கார்டில் தட்டும் வசதியும் இணைய, வெளிநாட்டுப் பயன்பாடும் மூடியே வர வேண்டும், ஒரு முறைகூடத் தட்டாத பழைய கார்டில் அந்த வசதியை மூடிவிட வேண்டும். உங்கள் கார்டிலும் அது மூடியே இருக்கலாம். எந்த நேரமும் திறக்க, மூட வங்கியின் கைபேசிச் செயலியில் வழி உண்டு. இதை வங்கிகள் கவுண்டரில் இரண்டு வரியில் எழுதி ஒட்டியிருந்தால் ஏரிக்கரை வியாபாரியிடம் நீங்கள் பணத்தை இழந்திருக்க மாட்டீர்கள். நான் ஒரு கிளையில் விசாரித்தபோது, கணக்குத் தொடங்கிய கிளைக்கே போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த அலட்சியத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உறை விற்பவரைவிட எனக்குப் பெரிய கவலை, "வைஃபையை நிறுத்தித் தருகிறோம், ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று போனில் பேசும் ஆள்தான். ஓடிபியைச் சொன்னீர்களென்றால் எந்த உறையும் காக்காது. ஏடிஎம் வாசலில் "கார்டைக் கொடுங்கள், நான் மாற்றித் தருகிறேன்" என்று கை நீட்டும் அந்நியரும், செயலியை இறக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புகிறவரும் அதே கூட்டம். செயலி தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தரகர் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கைபேசி எண் வங்கியில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நீங்கள் செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால் உடனே கார்டை முடக்கிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் தவறு இல்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தவருக்கு இழப்பே கூடாது என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.